மண்டபம் கேட்காதீர்கள், மேடை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரில் தமிழ் அமைப்புகளும் நாடகக் குழுக்களும் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனால் பெரும்பாலும் இரண்டு கோரிக்கைதான் வைக்கிறோம்: விழாவுக்கு வந்து சிறப்பிக்க வேண்டும், தொகுதியில் ஒரு மண்டபம் கட்டித்தர வேண்டும். இரண்டும் நடந்துவிடுகின்றன. ஆனால் நாடகம் போடுகிறவனுக்கும் நாட்டியம் ஆடுகிறவளுக்கும் அதனால் ஒன்றும் ஆவதில்லை.

கர்நாடகத்தில் ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 2 கோடி ரூபாய். நிலைத்து நிற்கும் சொத்துக்கு மட்டுமே அதில் செலவழிக்கலாம். காவலாளி சம்பளம், மின் கட்டணம், நிகழ்ச்சிச் செலவு எதற்கும் அதில் இடமில்லை. அதனால் மண்டபம் எழும்புகிறது, திறப்பு விழா முடிகிறது, பிறகு பிறந்தநாளுக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் வாடகைக்குப் போகிறது.

அங்கே போய் நாடகம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூரை பத்துப் பன்னிரண்டு அடியில் இடிக்கும். விளக்குத் தொங்கவிட ஒரு குழாய் இருக்காது. ஸ்டாண்டில் தாழ்வாக விளக்கை வைத்தால் நடிகரைவிடப் பெரிதாக அவர் நிழல் பின்திரையில் ஆடும். மேடைத் தரையில் வழவழப்பான டைல்ஸ். அதில் ஓர் ஆணி அடிக்க முடியாது, கான்கிரீட் மேல் பரதத்தின் தட்டடவு போடும் பிள்ளைகளுக்கு முழங்காலும் குதிகாலும் போய்விடும். ஒப்பனை அறை என்று வரைபடத்தில் இருந்தது நாற்காலி அடுக்கும் அறையாகியிருக்கும். மேடைக்குப் பக்கவாட்டு வாசல் இல்லாததால் அரிதாரம் பூசிய ராஜா சபை நடுவே நடந்துதான் மேடையேற வேண்டும்.

மின்சாரம் இன்னும் மோசம். 1,000 வாட் ஹாலஜன் விளக்கு 20 போட்டால் 20 கிலோவாட். ஒரே ஃபேஸில் அது ஏறக்குறைய 87 ஆம்பியர். வீட்டு இணைப்புபோல எடுத்திருந்தால் விளக்கை முழுசாக ஏற்றியதும் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். மூன்று ஃபேஸில் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 29 ஆம்பியர்தான் ஓடும். எல்.ஈ.டி. விளக்கானால் சுமை பல மடங்கு குறையும். மைக்குக்குத் தனி லைன் வேண்டும். விளக்கொளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஓடும் லைனிலேயே அதையும் சேர்த்தால் விளக்கை ஏற்றி இறக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் ரீங்காரமிடும்.

ஆகவே மண்டபத்துக்கு எஸ்டிமேட் போடும்போதே இன்ஜினியரிடம் இவற்றை எழுத வையுங்கள்: மேடைக்கு மேல் குறைந்தது 18 அடி உயரம், குறுக்கே நான்கு வரிசை இரும்புக் குழாய், மரச்சட்டத்தின் மேல் பலகைத் தரை, மூன்று ஃபேஸ் இணைப்பு, பக்கவாட்டு வாசல். கட்டி முடித்தபின் கூரையை உயர்த்த யாராலும் முடியாது.

மண்டபத்தை நடத்தும் பணம் மாநில பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். நாடக அரங்கும் நாடக நிகழ்ச்சியும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 33ஆவது பதிவு. டெல்லியைக் கைகாட்ட வேண்டியதில்லை. 1989இல் மைசூரில் தொடங்கிய ரங்காயணா என்ற அரசு நாடகக் குழுவின் நடிகர்களுக்கு மாநில அரசே மாதச் சம்பளம் கொடுக்கவில்லையா? ஆளுக்கும் செலவழிக்கலாம் என்பதற்கு அதுவே நம் கையிலுள்ள நல்ல சான்று.

இதில் நேரம்தான் முக்கியம். பட்ஜெட் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். ஆனால் துறைகள் தங்கள் மதிப்பீட்டை அதற்குப் பல வாரம் முன்பே நிதித்துறைக்கு அனுப்பிவிடும். அவையில் வைத்தபின் மானியக் கோரிக்கையை, அதாவது துறை கேட்கும் தொகையை, எம்.எல்.ஏ.க்கள் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம்; ஒரு ரூபாய் கூட்ட முடியாது. அரசியல் சட்டத்தின் 203ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மார்ச்சில் மனுவோடு சட்டமன்றக் கட்டடமான விதான சவுதா வாசலில் நிற்பது வீண் அலைச்சல். அக்டோபர், நவம்பரிலேயே போக வேண்டும். சட்டமன்றத்தின் டிசம்பர் கூட்டம் வடக்கே பெலகாவியில் நடந்தால் உறுப்பினர் தொகுதியில் இருக்க மாட்டார்.

மனு கன்னடத்தில், ஒரே பக்கம். தமிழர்களாக மட்டும் போகாதீர்கள். அதே தொகுதியில் உள்ள கன்னட, தெலுங்கு, உருது குழுக்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கோரிக்கை தொகுதிக்கே பொதுவாகிவிட்டால் தட்டிக்கழிப்பது கடினம். ஒரு நாடகத்தால் எத்தனை பேருக்குக் கூலி கிடைக்கிறது என்பதையும் எழுதுங்கள்: மேக்கப்காரர், உடை வாடகைக்குத் தருபவர், லைட்மேன், டெம்போ ஓட்டுநர், டீக்கடைக்காரர். எம்.எல்.ஏ.வோடு நிற்காமல் மேலவைக்கும் போங்கள். அங்கே ஆளுநர் நியமிக்கும் 11 இடங்கள் இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை தெரிந்தவர்களுக்கு உரியவை.

போகுமுன் ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டுவிடுங்கள். கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரே விஷயம் பற்றி, 150 சொல்லுக்குள் கேட்க வேண்டும். இதை மீறினால் திருப்பி அனுப்ப சாக்கு கிடைத்துவிடும். கன்னடம் மற்றும் பண்பாட்டுத் துறையிடம் கேட்க வேண்டியது, கடந்த மூன்று ஆண்டுகளில் கலைக் குழுக்களுக்கான நிதியுதவியில் ஒதுக்கியது, விடுவித்தது, செலவானது. ஒதுக்கீட்டுக்கும் விடுவிப்புக்கும் உள்ள இடைவெளியில்தான் குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. ஆண்டுக் கடைசியில் பணம் விடுவித்தால் மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். எல்லோரும் ஒரே மாதத்தில் ஓடுவதால் அரங்கமும் கிடைக்காது.

திறந்தவெளிக் கூத்துக்கு இன்னொரு கோரிக்கை உண்டு. ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். ஆண்டில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதில் இரண்டு நாளைத் தெருக்கூத்துக்கும் கன்னடத் திறந்தவெளிக் கூத்தான பயலாட்டத்துக்கும் ஒதுக்கச் சொன்னால் அரசுக்குக் காசு செலவில்லை.

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். பட்ஜெட் மறுநாள் பெட்ரோல், மது விலையைப் போடும் பக்கத்திலேயே பண்பாட்டுத் துறையின் மானியக் கோரிக்கைத் தொகையையும், முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானதையும் அருகருகே பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நாடக மேடைப் பணியாளர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூர்