குப்பைக் கூடைக்கு மூடி வேண்டாம்

மின்னஞ்சல் சேவை நடத்துகிறவர்களுக்கும், மின்னஞ்சல் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். குடும்பத்துக்கு ஒருவனுக்குக் 'கம்ப்யூட்டர் தெரிந்தவன்' என்று பெயர் விழுந்துவிடும் இல்லையா, எங்கள் குடும்பத்தில் அது நான். பிரின்டர் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன், பாஸ்வேர்டு மறந்தாலும் எனக்குத்தான் போன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் சித்தி கூப்பிட்டார். "மெயில் பெட்டி நிரம்பி வழியுதுடா, வந்து பாரு" என்றார். பல வருடமாக அவர் பழகிய ஒரு மெயில் மென்பொருள், வீட்டுக் கணினியில். இன்பாக்ஸில் 11,000 கடிதங்களுக்கு மேல். உங்கள் பார்சல் காத்திருக்கிறது, உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், முழங்கால் வலிக்கு மூன்றே நாளில் தீர்வு. துடைக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் சர்வரில், அதாவது மெயில் சேவை நிறுவனத்தின் கணினியில், என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று பிரவுசர் வழியாக அவர் கணக்குக்குள் போனேன். ஸ்பேம், அதாவது குப்பை அஞ்சல், என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. சித்தி அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததே இல்லை. 200க்கும் மேற்பட்ட கடிதங்களுக்கு நடுவே ஒன்று: முன்பு எழுதியதற்குப் பதில் வராததால் அந்த மொழிபெயர்ப்பு வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம், மன்னிக்கவும்.

அந்த 'முன்பு எழுதியது' எங்கே என்று தேடினேன். இல்லை. 30 நாள் ஆனதும் தானாக அழிந்திருந்தது.

பார்சல்காரன் இன்பாக்ஸில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். வேலை கொடுக்க வந்தவர் இரண்டு தடவை வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார். சித்தி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஏன்டா, யார் இதைக் குப்பைன்னு சொன்னது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

நடந்தது என்ன என்பது எனக்குப் புரிகிறது. சர்வரிலிருந்து கடிதங்களை எடுக்க பாப், ஐமேப் என்று இரண்டு முறைகள் உண்டு. சித்தியின் மென்பொருள் பாப் முறையில் எடுக்கிறது. பாப்புக்கு ஃபோல்டர் என்ற சங்கதியே கிடையாது. சர்வரில் இருக்கிற இன்பாக்ஸை மட்டும் இழுத்து வரும். ஐமேப் முறையாக இருந்தால் ஸ்பேம் ஃபோல்டரும் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். ஆக, ஒரே கடிதத்துக்கு இரண்டு வடிகட்டிகள்: ஒன்று உங்கள் சர்வரில், இன்னொன்று அவர் மேசைமேல். ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது. அவர் வீட்டில் உட்கார்ந்து 'இது குப்பை, இது குப்பையில்லை' என்று எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும், பாப் வழியாக அது உங்களை வந்து சேரப்போவதில்லை.

ஒருவர் பாப் வழியாக எடுக்கிறார் என்பது உங்கள் சர்வருக்குத் தெரியும். அவர் ஸ்பேம் ஃபோல்டரை எப்போது திறந்தார், திறந்தாரா என்பதும் தெரியும். வாரத்துக்கு ஒரு கடிதம், இன்பாக்ஸுக்கே அனுப்புங்கள்: இத்தனை கடிதங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம், அனுப்பியவர்கள் இவர்கள், இந்தத் தேதியில் அழியும். பல அலுவலக மெயில் ஏற்பாடுகளில் இது ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் இருப்பவருக்கும் அதே பட்டியலைக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. 1978இல் டிஇசி கணினி நிறுவனத்தின் விற்பனைக்காரர் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தைத் தட்டிவிட்டதிலிருந்து இந்தத் தலைவலி இருக்கிறது. மின்னஞ்சல் அனுப்புவதற்கென்று 1982இல் எழுதப்பட்ட எஸ்எம்டிபி விதிமுறை, அனுப்புகிறவர் சொல்லும் பெயரைச் சரிபார்க்கவே இல்லை. ஒருவரை ஒருவர் அறிந்த கூட்டத்துக்காகப் போட்ட ஏற்பாடு அது. 2004இல் பில் கேட்ஸ், இரண்டே வருடத்தில் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். சரி, அதைக் கிளற வேண்டாம்.

நல்ல வேலையும் நடந்திருக்கிறது. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சோதனைகள் வந்தபிறகு அடுத்தவர் முகவரியைத் திருடி எழுதுவது கடினமாகியிருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹுவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குக் கடிவாளம் போட்டன. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். விளம்பரக் கடிதம் என்றால் ஒரே கிளிக்கில் விலக வழி வைக்க வேண்டும். குப்பை என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. இதற்கெல்லாம் நன்றி. ஆனால் அந்தச் சோதனைகள் கடிதம் எந்த டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வந்தது என்பதைத்தான் சொல்லும், வந்தவன் யோக்கியனா என்று சொல்லாது. குப்பை அனுப்புகிறவனும் காசு கொடுத்து ஒரு டொமைன் வாங்கி, எல்லாச் சோதனையிலும் தேறி, சட்டை மடிப்புக் கலையாமல் உள்ளே வருகிறான்.

மென்பொருள் எழுதுகிறவர்களே, இந்த இடத்தில் உங்களிடம் ஒரு சண்டை. அனுப்பியவரின் பெயரை மட்டும் பெரிதாகக் காட்டி முகவரியை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்? பெயர் இருக்கும் இடத்தில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். சித்திக்கு வந்த ஒன்றில் பெயர் அவருடைய வங்கியின் பெயர். சுட்டியைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தால்தான் உண்மையான முகவரி தெரிந்தது: தலையும் காலும் புரியாத பதினான்கு எழுத்து, அதற்குப் பின்னால் எங்கேயோ கேள்விப்படாத ஒரு டொமைன். அதை முதலிலேயே காட்டியிருந்தால் வடிகட்டியே வேண்டாம், சித்தியே தள்ளியிருப்பார்.

வீட்டுக் கணினியில் இருக்கிற வடிகட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. 1763இல், தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார் இறந்தபிறகு, அவருடைய நிகழ்தகவுக் கணக்கு வெளியானது. 2002இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் அந்தக் கணக்கைக் குப்பை அஞ்சலுக்குப் பொருத்தி எழுதியபிறகு அது பரவலாயிற்று. தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் இருப்பதும் அந்த வகைதான். எந்தச் சொல் குப்பையில் எத்தனை தடவை வருகிறது, நல்ல கடிதத்தில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி எடை போடும். இதன் அழகு, ஆளுக்கு ஆள் எடை மாறும் என்பதுதான். மருந்துக்கடை நடத்துகிறவருக்கு மாத்திரைப் பெயர்கள் நிறைந்த கடிதம் அன்றாட வியாபாரம், எனக்குக் குப்பை. எது குப்பை என்பதைப் பெட்டிக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல முடியும்.

ஆனால் அவர் சொல்லிக் கொடுக்க வேண்டுமே! சித்தி இத்தனை வருடமாகச் செய்தது டெலீட், டெலீட், டெலீட். டெலீட்டால் வடிகட்டி எதையும் கற்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 'குப்பை' பட்டனை அழுத்தினால்தான் கற்கும். நல்ல கடிதங்களையும் 'குப்பையில்லை' என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்த நீதிபதி மாதிரி ஆகிவிடும். இன்னொன்றும் செய்திருந்தார் பாவம். ஒவ்வொரு குப்பைக்கும் அனுப்பியவரைத் தடை செய்து ஒரு பட்டியல் சேர்த்திருந்தார். உருட்டிக்கொண்டே போனேன், முடியவில்லை. நான் பார்த்தவரையில் ஒரு முகவரிகூட இரண்டாம் தடவை எழுதியிருக்கவில்லை. அனுப்புகிறவன் ஒவ்வொரு முறையும் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வருகிறான், சித்தி பழைய சட்டைகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறார். 'அனுப்பியவரைத் தடை செய்' பட்டனைக் கண்ணில் படும் இடத்தில் வைத்து, பயனுள்ள பட்டனை மெனுவுக்குள் புதைத்தது யார் யோசனை?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம். பரிசு, பரிசை, பரிசுக்கு, பரிசாக, பரிசென்று: சொற்களை அப்படியே எண்ணுகிற வடிகட்டிக்கு இவை ஐந்தும் ஐந்து வேறு சொற்கள். ஆங்கிலத்தில் பத்துக் கடிதத்தில் கற்பதை இங்கே கற்க இன்னும் நிறையக் கடிதங்கள் வேண்டியிருக்கும். வேர்ச்சொல்லைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள், அல்லது எழுத்துத் துணுக்குகளை எண்ணுங்கள். இரண்டும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வித்தை இல்லை.

அன்று நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐமேப்புக்கு மாற்றினேன். முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களின் கடிதம் குப்பைக்குப் போகாதபடி அமைத்தேன், ஆனால் அந்தப் புத்தகத்திலிருந்து சித்தியின் சொந்த முகவரியை எடுத்துவிட்டேன், அவர் பெயரிலேயே அவருக்கு எழுதுகிற போலிகள் அந்த வழியாக நுழையும் என்பதால். வெளியிலிருந்து படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தினேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் போதும், கடிதம் திறக்கப்பட்டது என்று அனுப்பியவனுக்குச் சேதி போய்விடும். தானியங்கி அழிப்பை, என் கைக்கு எட்டிய இடங்களில், அணைத்தேன். உங்கள் சர்வரின் 30 நாள் கெடு என் கைக்கு எட்டவில்லை.

ஏன் குப்பை என்ற காரணத்துக்கு வருகிறேன். உங்களில் சிலர் கடிதத்தின் மேல் ஒரு பட்டையில் எழுதுகிறீர்கள்: முன்பு குப்பை என்று கண்ட கடிதங்களை இது ஒத்திருக்கிறது. ஏன் அடித்தாய் என்று கேட்டால், அடி வாங்கியவன் மாதிரி இருந்தான் என்பது போல இருக்கிறது இது. 2001 முதல் இருக்கிற ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி மென்பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு விதிக்கும் ஒரு மதிப்பெண், கூட்டினால் 5 வந்தால் குப்பை, எந்தெந்த விதியில் மாட்டியது என்று கடிதத்தின் தலைப்பு வரிகளிலேயே எழுதி வைக்கும். பிடிக்காவிட்டால் அந்த 5ஐ நாமே மாற்றிக்கொள்ளலாம்.

காரணம் சொன்னால் குப்பை அனுப்புகிறவன் சுதாரித்துவிடுவான் என்பீர்கள். அவன் உங்களிடமே நாலு கணக்கு திறந்து, எது உள்ளே போகிறது எது மாட்டுகிறது என்று சோதித்துக்கொள்ள முடியும். தெரியாமல் இருப்பது சித்திக்குத்தான். எடைக் கணக்கைச் சொல்ல வேண்டாம். அனுப்பியவர் அடையாளச் சோதனையில் தேறவில்லை, முதல் முறையாக எழுதுகிறார், உள்ளே இருக்கும் இணைப்பு சந்தேகத்துக்குரியது என்ற அளவில் சொன்னால் போதும். 'முதல் முறையாக எழுதுகிறார்' என்று பார்த்திருந்தால் சித்தி அந்தக் கடிதத்தைத் திறந்திருப்பார், எழுதுவதாகச் சொன்னவருக்காக அவர் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது அவர் சனிக்கிழமை தோறும் காலையில் காபியோடு உட்கார்ந்து ஸ்பேம் ஃபோல்டரை வரி வரியாகப் படிக்கிறார். அரை மணி நேரம் ஆகிறதாம். முழங்கால் வலிக்காரன் பெயர் மூன்று வாரமாக மாறவில்லை என்று போன சனிக்கிழமை போன் செய்து சொன்னார்.

இப்படிக்கு,
அந்த வீட்டுக் 'கம்ப்யூட்டர் தெரிந்தவன்'