புகைப் பரிசோதனைக்காக மட்டும் பெற்றோலைக் குறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிஜ் போன்ற பழைய கார்கள்தான் அதிகம் வரும். புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வாகன வரிப்பத்திரம் புதுப்பிக்கலாம். அந்த நாள் நெருங்கினால் பலரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, புகைப் பரிசோதனை முடியுமட்டும் பெற்றோலைக் கொஞ்சம் குறைச்சு விடும், பிறகு கூட்டலாம்." நான் செய்து கொடுப்பதில்லை.

பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது காபரேற்றர். மொரிஸ் மைனரில் இருக்கும் எஸ்.யூ. வகைக் காபரேற்றருக்கு அடியில் ஒரு நட்டு இருக்கிறது. மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், இறக்கினால் கூடும். ஏற்றினால் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு குறையும், உண்மைதான். ஆனால் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும். எரியாத பெற்றோல் சைலென்சர் வழியே வெளியேறி, பரிசோதனையில் அளக்கும் மற்ற வாயுவான ஐதரோக்காபன் எகிறும். அப்படியே ஓடினால் சூடேறி வால்வும் எரிந்துபோகும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் காபரேற்றர் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்ல உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடிப் பழையபடி வந்தால் கலவை சரி. அப்புறம் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு பிளக்கைக் கழற்றினால் பிஸ்கற் நிறத்தில் இருக்க வேண்டும். கரி பிடித்திருந்தாலோ வெளுத்திருந்தாலோ இன்னும் வேலை இருக்கிறது.

அதற்கு முன்னர் எயார் ஃபில்டர், பிளக், பிளக்கில் பொறி வரவைக்கும் பொயின்ற் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் செய்யப் பெற்றோலைக் கூட்டும் சோக் முழுதாகத் திரும்பாத காரில் நட்டைத் திருகி என்ன பயன்?

இங்கே பெற்றோல் தடைப்பட்டிருந்த தொண்ணூறுகளில் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய எஞ்சின்கள் இவற்றில் பல. அந்த நாளில் ஓடினால் போதும் என்றிருந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. இன்று திறந்து பார்த்தால் பெற்றோலை அளந்து விடும் காபரேற்றர் ஊசி ஒரு பக்கம் தேய்ந்து மினுங்குகிறது, அந்த ஊசி இறங்கும் ஜெற் துளை வட்டமாக இல்லை. அந்த இரண்டையும் மாற்றாமல் கலவை நிலைக்காது.

பரிசோதனை நிலையத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கால் எடுத்தபின் எஞ்சின் மெல்ல ஓடும் ஐடிலிலும் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலும் அளக்கிறீர்கள். தோற்ற காருக்கு "சரிவராது" என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், எந்த வேகத்தில் எந்த வாயு கூடியது என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். கார்க்காரரும் பரிசோதனை முடிவுத் தாளைக் கிழித்து எறியாமல் கராஜுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கே கைவைப்பது என்று அதைப் பார்த்துத்தான் எங்களால் சொல்ல முடியும்.

மெக்கானிக் ஒருவர்,
கோண்டாவில்