செயலாளரின் ஆண்டறிக்கை: ஓடை பிரித்த ஊரும் நமது வரலாற்று ஆண்டும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, வாணி விழா, கோடைகால விளையாட்டுப் போட்டி மூன்றும் வழமைபோல் நடந்தேறின. மண்டப வாடகை கூடிய கதையைப் பொருளாளர் தமது கணக்கறிக்கையில் சொல்லுவார். நாம் வாழும் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஒரு கிராமத்தின் வரலாற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானம் என்னவாயிற்று என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த ஊர் என்பதிலேயே இழுபறி. நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைப் பக்கம் போகலாம், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும் என்றார்கள் சிலர். கோட்டைக்கு எவரும் எந்த விடுமுறையிலும் போகலாம். அதற்குச் சங்கம் தேவையில்லை என்பது என் கட்சி. கடைசியில் ஹோஃப் நகருக்கு வடமேற்கே, மாநிலத்தின் விளிம்பில் இருக்கும் மொட்லாரொய்ட் தெரிவானது. அங்கே குடியிருப்போர் ஏறத்தாழ 50 பேர். நமது விளையாட்டுப் போட்டிக்கு அதைவிடக் கூட்டம் வரும்.

ஊருக்கு நடுவே டன்பாஹ் என்ற சிற்றோடை ஓடுகிறது. எட்டிக் கால் வைத்தால் அக்கரை. 1810இல் இந்த ஓடையோரம் எல்லைக்கற்கள் நட்டார்கள்: இந்தப் பக்கம் பவேரிய இராச்சியம், அந்தப் பக்கம் ரொய்ஸ் சிற்றரசு. முதலாம் உலகப் போருக்குப் பிறகு ரொய்ஸ் பக்கம் துரிங்கியா மாநிலத்தோடு சேர்ந்தது. ஆள்பவர்கள் மாறினார்களே தவிர, ஊரார் அந்த எல்லைக்கோட்டைப் பெரிதாக எண்ணவில்லை. பள்ளிக்கூடமும் மதுச்சாலையும் துரிங்கியாப் பக்கம். ஞாயிறு ஆராதனைக்குப் போவது பவேரியாப் பக்கத்து டோப்பன் ஊர்த் தேவாலயத்துக்கு. கொண்டான் கொடுத்தான் உறவும் ஓடையைத் தாண்டித்தான்.

1945இல் வந்தது வினை. வென்ற நாடுகள் பழைய மாநில எல்லைகளையே தங்கள் ஆக்கிரமிப்பு வலயங்களின் எல்லையாக எடுத்துக்கொண்டன. துரிங்கியா சோவியத் வலயம், பவேரியா அமெரிக்க வலயம். 1949இல் இரண்டு ஜேர்மனிகள் உருவானதும் அதே ஓடை இரு நாடுகளின் எல்லையாயிற்று. ஆரம்பத்தில் அனுமதிச் சீட்டோடு அக்கரை போய்வர முடிந்தது. 1952 மே மாதம் கிழக்கு ஜேர்மனி அதையும் அடைத்தது: எல்லையோரம் 10 மீற்றர் உழுத நிலம், 500 மீற்றர் காவற்பட்டை, 5 கிலோமீற்றர் தடை வலயம். நம்பத்தகாதவர்கள் என்று அரசு கருதிய குடும்பங்களை அடுத்த மாதமே வீட்டைவிட்டு எழுப்பி உள்நாட்டுக்கு ஏற்றினார்கள். முதலில் பலகை வேலி, பிறகு முட்கம்பி, 1966இல் 700 மீற்றர் நீளமும் 3.3 மீற்றர் உயரமுமான கொங்கிறீற் மதில். மேற்குக் கரையார் ஓடைவரை வந்து வேடிக்கை பார்க்கலாம். கிழக்குக் கரையார் அவர்களைப் பார்த்துக் கை அசைக்கவும் தடை. 1973இல் ஒருவர் ஏணி வைத்து மதிலேறித் தப்பினார். அமெரிக்கர்கள் இந்த ஊருக்கு வைத்த பெயர் ‘குட்டி பேர்லின்’. 1983 பெப்ரவரியில் அப்போதைய அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இதையொட்டி நடந்த மாலைக் கலந்துரையாடல்தான், என் கணிப்பில், இந்த ஆண்டின் மிகச் சிறந்த நிகழ்ச்சி. எண்பதுகளின் முதற்பாதியில் நம்மவர்கள் பலர் ஜேர்மனிக்குள் வந்தது இதே எல்லையின் கிழக்குப் பக்கமாகத்தான். கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கடவு விசாவோடு ஃபிரீட்ரிக்ஷ்ட்ராச நிலையம் போய், அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லின். நகருக்குள் ஓடிய பிரிவுக்கோட்டை நாட்டெல்லையாக மேற்கு நாடுகள் ஏற்காததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. 1985இல், மேற்கு ஜேர்மனி கொடுத்த அழுத்தத்தால், மேற்குக்கான விசா இல்லாத தமிழர்களை ஏற்றிவருவதைக் கிழக்கு ஜேர்மனி நிறுத்தியது. மொட்லாரொய்ட்காரர் ஓடையைத் தாண்ட முடியாத அதே காலத்தில் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் பேர்லின் மதிலைத் தாண்டியிருக்கிறார்கள்! “எங்களை விட்டவங்கள், தங்கட சனத்தை விடேல்லையே” என்றார் ஒரு ஐயா. பிள்ளைகள் அதன்பிறகு கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

பேர்லின் மதில் 1989 நவம்பர் 9இல் திறந்தது. இந்த ஊரில் ஆட்கள் நடந்து போக வழி திறந்ததோ டிசம்பர் 9இல், முழுதாக ஒரு மாதம் கழித்து. 1990 ஜூன் 17இல் மண்வாரி இயந்திரம் வந்து மதிலை உடைத்தது. ஏறத்தாழ 100 மீற்றரை மட்டும் நினைவுக்காக விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே காவற்கோபுரமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. உண்மையான மதிலைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதன் உயரத்தைவிட, அது வீடுகளுக்கு எவ்வளவு கிட்ட நின்றது என்பதே திகைப்பாக இருந்தது.

நாடு ஒன்றானாலும் ஊர் இன்னமும் இரண்டுதான். பவேரியாப் பாதி டோப்பன் ஊராட்சியில், துரிங்கியாப் பாதி கெஃபெல் நகராட்சியில். இரண்டு நகரபிதாக்கள், இரண்டு தபால் குறியீடுகள், இரண்டு தொலைபேசிக் குறியீடுகள். பாடசாலை விடுமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இதை ஒன்றாக்கிவிடலாமே என்று பாடசாலை மாணவி ஒருத்தி கேட்டாள். அதற்கு மாநில எல்லையையே மாற்ற வேண்டும். அந்த 1810ஆம் ஆண்டு எல்லைக்கோட்டை இன்றுவரை எவரும் அழிக்கவில்லை.

பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளும் வரைந்த ஊர்ப்படமும் பாடசாலை மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பேருந்துச் செலவில் பாதியைச் சங்கமும் மீதியைப் பெற்றோரும் ஏற்றார்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். கிழக்கு பேர்லின் வழியாக வந்த மூத்தவர்களின் அனுபவங்களை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம், அவர்களுக்கு வயதாகிறது. மற்றது, அடுத்த கிராமத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடலாம். அவர்கள் கோட்டையைக் கேட்டால் போவோம், வேறென்ன செய்வது.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்