எந்தக் கார்டு என்று ஏன் எழுதவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நுகர்வோர் பகுதியில், "கார்டு என்றதும் இரண்டு சதவீதம் கூடக் கேட்பது கடைக்காரர்களின் பேராசை" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். எந்தக் கார்டு என்று மட்டும் எழுதவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

பத்தாயிரம் ரூபாய்க்குச் சேலை பில் என்று வையுங்கள். நம் நாட்டு ரூபே டெபிட் கார்டிலோ, யு.பி.ஐ. மூலம் வங்கிக் கணக்கிலிருந்தோ பணம் வந்தால், வங்கி கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷன் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டு என்றால் அந்தக் கமிஷனுக்கு ரிசர்வ் வங்கி 2018 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரையுள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேல் 0.90. கிரெடிட் கார்டுக்கு அந்த வரம்பு கிடையாது. ஒப்பந்தத்தில் 2 சதவீதம் என்றிருந்தால் 200 ரூபாய் போகும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36 ரூபாய். கணக்கில் ஏறுவது 9,764. விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தை மொத்தமாக வரி கட்டும் 'காம்போசிஷன்' முறைச் சிறு கடைக்கு அந்த 36 ரூபாயும் வரிக்கழிவாகத் திரும்பாது.

திங்கள் இரவு கூடிச் செவ்வாயில் கலையும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில், மீட்டருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று விலை பேசுகிறவர்களுக்கு 236 ரூபாய் சின்னத் தொகை இல்லை.

டெபிட் கார்டுக்குக் கூடுதல் பணம் கேட்பது தவறு, ரிசர்வ் வங்கியே தடுத்திருக்கிறது. அப்படிக் கேட்கும் கடையைத் தாராளமாகக் கண்டியுங்கள். எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

2016-இல் நோட்டு செல்லாமல் போனபோது, கார்டு மிஷின் இல்லாத கடைக்குப் போகாதீர்கள் என்று எழுதியதும் இதே பகுதிதான். மிஷினுக்கு மாத வாடகை உண்டு என்று அன்றும் ஒரு வரி வரவில்லை. சேலையைத் திருப்பிக் கொடுத்தால், இரவு செட்டில்மென்ட் (அன்றைய கணக்கை மிஷினில் முடித்து வங்கிக்கு அனுப்புவது) போடுவதற்கு முன் 'வாய்டு', அதாவது ரத்து, செய்துவிட்டால் நட்டமில்லை. மறுநாள் ரீஃபண்டு போட்டால் பிடித்த கமிஷன் பெரும்பாலும் வருவதில்லை. மிஷினில் வரும் ரசீதான சார்ஜ் ஸ்லிப்பின் எழுத்து சில மாதங்களில் வெளுத்துப்போகிறது. நான் வாங்கவே இல்லை என்று வாடிக்கையாளர் வங்கியில் புகார் செய்தால், அந்த வெள்ளைத் தாள்தான் கடைக்காரரின் சாட்சி. அதனால் அன்றன்றே நகல் எடுத்து வைக்கவேண்டியிருக்கிறது.

வங்கிகள் கொழிக்கின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். அதுவும் பாதி உண்மை. கிரெடிட் கார்டுக் கமிஷனில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. வாடிக்கையாளரின் ரிவார்டு பாயின்ட்டும் வட்டியில்லாத் தவணை நாட்களும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகின்றன. விசா போன்ற நிறுவனத்துக்கு ஒரு பங்கு. மிஷின் வைத்த வங்கிக்கு மிஞ்சுவது கொஞ்சம். யு.பி.ஐ.யில் அதுவும் இல்லை என்பதால், சிறு வியாபாரிகள் பெறும் 2,000 ரூபாய் வரையிலான தொகைக்கு வங்கிகளுக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை தர, 2024-25-க்கு மத்திய அமைச்சரவை 1,500 கோடி ஒதுக்கவேண்டி வந்தது.

இவை தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்தும் 'பேராசை' என்று அச்சேற்றியதுதான் மனசுக்கு ஆறவில்லை. அந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு, "இதென்ன நாயமுங்க?" என்று கேட்கிறவருக்குக் கல்லாவில் இருக்கும் பையன் என்ன பதில் சொல்வான்?

அடுத்த இதழில் ரூபே டெபிட், மற்ற டெபிட், கிரெடிட், யு.பி.ஐ. நான்குக்கும் கடைக்காரர் கொடுப்பது எவ்வளவு என்று ஒரு சிறு கட்டம் போடுங்கள். கல்லாவுக்கு மேலே ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடைக் கணக்கர் ஒருவர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.