மயிலை இப்போது உள்ளே படுக்கிறான்

கோவில்பட்டி
ஆனி 18

அன்புள்ள கோமு,

உன் கடிதம் பங்குனியில் வந்தது. நடுவில் நீ இரண்டு தடவை போன் செய்தும் 'வேலையாக இருக்கிறேன், எழுதுகிறேன்' என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. நாயைக் கட்டிப் போடுவது பற்றி நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. நாத்தனாருக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. முறுக்குப் பெரியம்மா போய்ச் சேர்ந்த செய்தி உனக்கு வந்திருக்கும். அங்கே சாரல் ஆரம்பித்திருக்குமே, மார்ச்சளியோடு மாடியில் நின்று வேடிக்கை பார்க்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறோம், தம்பி புது வீட்டுச் சுவரில் இரும்பு வளையம்கூட வைத்துவிட்டான், பேரன் தவழ்கிற வயசு, அதனால் நாயை வெளியே கட்டிப் போடுவதுதானே சரி, நீயும் உன் நாய் மயிலையை அப்படித்தானே வளர்க்கிறாய் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்தது முதல் மனசு ஒரு நிலையில் இல்லை. ஆமாம், நாலு வருஷம் அப்படித்தான் வளர்த்தேன்.

எங்கள் வீட்டு மேலண்டைப் பக்கம் உனக்குத் தெரியும். துவைக்கிற கல், அதை ஒட்டிச் சுவரில் ஒரு வளையம், அதில் ஐந்தடிச் சங்கிலி. காலையில் வீட்டு நிழல் அங்கேதான் விழும். பன்னிரண்டு மணிக்கு நிழல் போனதும் நான் அவிழ்த்து வாசல் தாழ்வாரத்துக்கு மாற்றிக் கட்டுவேன். நாலு வருஷமாக இது தவறியதில்லை, அதனால் நன்றாக வளர்ப்பதாகவே நினைத்திருந்தேன்.

சித்திரைக் கடைசியில், கத்திரி வெயிலில், பெரியசாமி வாத்தியார் பேத்தி கல்யாணம் சாத்தூரில். ஆறரைக்கே மயிலையைக் கட்டினேன், சட்டி நிறையத் தண்ணீர் வைத்தேன், பதினொன்றரைக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன். அங்கே பந்தி, போட்டோ, அப்புறம் கல்லூரி விடுதியில் நம்மோடு இருந்தவர்கள் மூன்று பேர், பேச்சு. வீடு வந்து சேரும்போது இரண்டு மணி.

கேட்டைத் திறந்தால் குலைப்புச் சத்தம் இல்லை. அப்போதே வயிற்றில் ஏதோ செய்தது. பின்னால் ஓடினேன். சங்கிலி துவைக்கிற கல்லின் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒன்றரை அடிதான் மிச்சம். சட்டி கவிழ்ந்து அந்த இடம் எப்போதோ காய்ந்துபோய் இருந்தது. மேற்குச் சுவர் முழுக்க வெயில், பக்கத்தில் நின்றாலே முகத்தில் அனல் அடித்தது. அவன் கல்லோடு ஒட்டிக் கிடந்தான். நாக்கு ஈரல் நிறத்தில் நீளமாகத் தொங்கியது, எச்சில் கஞ்சி மாதிரி நூலாக இறங்கியது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தான், பின்னங்கால் மடங்கியது. கொக்கியைத் தொட்டால் விரல் பொத்துப்போகிற சூடு. சேலை முந்தானையால் பிடித்துத்தான் கழற்றினேன். அந்தச் சூட்டோடுதான் அது அவன் கழுத்தில் இருந்திருக்கிறது, கோமு.

குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. மண்பானைத் தண்ணீரையும் அடுக்களையில் இருந்த இரண்டு குடத்தையும் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் ஊற்றினேன். எதிர்வீட்டு ஆட்டோத் தம்பிதான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். கால்நடை டாக்டரம்மா வெப்பமானி வைத்துப் பார்த்தார், 106. நாய்க்குச் சாதாரணமாக 101 முதல் 102.5 வரை இருக்குமாம். ஈரத் துணியும் மின்விசிறியுமாகச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார், குளுக்கோஸ் ஏற்றினார். நான் ஐஸ் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். 'பிழைத்துவிட்டான் என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன், மூன்று நாள் சிறுநீர் நிறம் பாருங்கள், டீ நிறத்தில் போனால் உடனே கொண்டு வாருங்கள்' என்று அனுப்பினார். மூன்று நாள் நான் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு அவன் பின்னாலேயே திரிந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு வாய் தயிர்ச்சோறு தின்றான்.

சிப்பிப்பாறை நாய் வெயில் தாங்கும் என்று நம் ஊரில் சொல்லாதவர் உண்டா? நானும் அப்படியே நம்பினேன். தாங்கும்தான். எப்படித் தாங்குகிறது? கரிசலில் அவிழ்த்துவிட்ட நாய் பத்து மணிக்கே உடைமர நிழலுக்குப் போய்விடும், ஓடைக்கரையில் மண்ணைப் பறித்துக் குளிர்ந்த இடத்தில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். நமக்கு மாதிரி அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மிச்சத்தை இடம் மாறிச் சமாளிக்கிறது. வெயில், மழை, பாம்பு, தெருநாய், வெடிச்சத்தம் எது வந்தாலும் அதற்குத் தெரிந்த வழி விலகிப் போவதுதான். சங்கிலி அந்த ஒரு வழியை அடைத்துவிடுகிறது. மயிலையின் நிழல் நான் வந்து அவிழ்ப்பதைப் பொறுத்து இருந்தது. நான் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி உள்ளே கூப்பிட்டேன். வரவில்லையடி. நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு என்னையும் படியையும் மாறி மாறிப் பார்த்தான். குட்டியாக இருக்கும்போது இரண்டு தடவை விளக்குமாற்றால் தட்டியிருக்கிறேன், அது அவனுக்கு நினைவு இருக்கிறது. நிற்கவே தெம்பில்லாத நிலையிலும் படி தாண்டவில்லை. கடைசியில் நான் பட்டாசாலைத் தரையில் பாயைப் போட்டுப் படுத்த பிறகு, விளக்கை அணைத்த பிறகு, நகம் தரையில் படுகிற சத்தம் கேட்டது. என் கால்மாட்டில் வந்து சுருண்டான்.

அப்புறம் ஒன்று நடந்தது. நடுராத்திரியில் மெல்லிசாக ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் தூக்கத்தில் நாலு காலும் ஓடுகிற மாதிரி அசைகின்றன, வாய்க்குள்ளேயே குலைக்கிறான். கனவு! நாலு வருஷமாக என் நாய், அவன் கனவு காண்பான் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை, தோல் தடித்துக் கறுத்திருந்தது. காது மடிப்புக்குள் உண்ணி கொத்தாக. வலது முன்கால் நகம் ஒன்று வளைந்து சதையில் குத்தியிருந்தது. தினமும் இரண்டு வேளை சோறு வைத்தவள் நான்தான், இதில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இருபதடி தள்ளிக் கட்டிய நாயை நாம் பார்ப்பதில்லை கோமு, அது இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். உள்ளே வந்தால் வாசலுக்குப் போக அவனைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் கண்ணில் படுகிறான்.

நாத்தனார் என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்கே தெரியும். லட்சுமி போய்விடுவாள், சோற்றில் முடி விழும், தீட்டு. முடி உண்மைதான், தினமும் இரண்டு தடவை பெருக்குகிறேன். சாமி அறைக்கும் அடுக்களைக்கும் அவனை விடுவதில்லை, இரண்டே நாளில் அவனும் புரிந்துகொண்டான். உள்ளே வைப்பது என்றால் மெத்தையில் ஏற்றிப் படுக்கவைப்பது இல்லை. பகலில் காம்பவுண்டுக்குள் சும்மா திரிகிறான், பின்கதவு திறந்தே இருக்கிறது, வெயில் ஏறினால் அவனே உள்ளே வந்து சிமெண்டுத் தரையில் விழுந்துகிடக்கிறான். கம்பி வலை வைத்த சின்ன கேட் ஒன்று 4,500 ரூபாய்க்குப் போட்டேன், தெருவுக்கு ஓடாமல் இருக்க. காலையும் மாலையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு குளத்தங்கரை வரை நடக்கிறோம். யாராவது பயப்படுகிறவர்கள் வந்தால் பத்து நிமிஷம் கட்டுவேன். அதற்குக் கயிறு வேண்டும்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு அறையில் போட்டுப் பூட்டிவிட்டு காலையில் வேலைக்குப் போய் ராத்திரி வருகிற வீடுகளும் உண்டே, அந்த நாயும் கட்டிக் கிடக்கிற நாய்தான்.

திருடன் பயம் என்று தம்பி சொல்வான். கட்டிப் போட்டிருந்தபோது மயிலை காற்றுக்கும் குலைப்பான், பூனைக்கும் குலைப்பான், பால்காரருக்கும் குலைப்பான். நான் காதில் வாங்குவதையே விட்டுவிட்டேன். சங்கிலி எத்தனை அடி என்று நமக்குத் தெரிகிற மாதிரி வருகிறவனுக்கும் தெரியாதா? இப்போது ராத்திரி வாயே திறப்பதில்லை. போன வாரம் ஒரு மணிக்கு எழுந்து பின்கதவுப் பக்கம் போய் உறுமினான். போய்ப் பார்த்தால் நான் தாழ்ப்பாள் போடாமலே படுத்திருக்கிறேன். யார் வந்தார்களோ இல்லையோ, அவன் எழுப்பியதும் நான் எழுந்தேன்.

உனக்கு எடுத்தனூர் நினைவிருக்கிறதா? திருவண்ணாமலைப் பக்கம், கல்லூரிச் சுற்றுலாவில் வெயிலில் நடக்க வைத்தார்களே, நீ செருப்பு அறுந்து அழுதாயே, அந்த நடுகல். மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. மாடுகளைக் காக்க நடந்த சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்குக் கல். பின்னால் அவன் நாய் நிற்கும். கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாய்க்கு எழுத்தில் பெயர் எடுக்கிற அளவுக்கு அது எஜமானன் பக்கத்தில் இருந்திருக்கிறது. கட்டிக் கிடந்திருந்தால் என்ன காத்திருக்கும், சொல்.

பேரனுக்குப் பயந்துதான் கட்டப் போகிறேன் என்கிறாய். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. நான் டாக்டரம்மாவிடம் இதையேதான் கேட்டேன். அமெரிக்காவில் டென்வர் என்ற ஊரில் கடித்த வளர்ப்பு நாய்களையும் கடிக்காதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து 1994ல் எழுதியிருக்கிறார்களாம். முற்றத்தில் சங்கிலியில் கட்டி வைத்த நாய்களிடம் கடிக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. யோசித்துப் பார்த்தால் புரிகிறது. விலகிப் போக முடியாத நாய்க்குக் கடிப்பது ஒன்றுதான் மிச்சம். பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து அந்த ஐந்தடிக்குள் போய்விட்டால், உன் பேரனை அதுவரை முகர்ந்துகூடப் பார்த்திராத நாய் என்ன செய்யும்? குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைதான் மனுஷர், பிள்ளைகள், சத்தம் எல்லாம் பழகுகிற காலமாம். அந்தக் காலத்தை வளையத்தில் கட்டிக் கழித்துவிட்டால் பிறகு கிடைக்காது. உள்ளே வை, பூச்சி மருந்து தவறாமல் கொடு, வெறிநாய்க்கடி ஊசி போடு, பிள்ளையையும் நாயையும் தனியாக மட்டும் ஒரு நிமிஷம்கூட விடாதே. உள்ளே வளர்கிற நாயாக இருந்தாலும் இந்தக் கடைசி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே.

சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. நியாயமில்லாத அளவுக்கு நீண்ட நேரம், மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியே வைக்கிற நாயை நடக்க விடாமல் இருப்பதும் குற்றம். அறுபது வருஷத்துக்கு மேலாக அது அங்கே எழுதி இருக்கிறது. பள்ளியில் குடிமையியல் நடத்தியவள் நான், படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன்னைத் திட்டுவதாக நினைக்காதே. வார்டனம்மா கண்ணில் மண்ணைத் தூவி டிரங்குப் பெட்டிக்குள் பூனைக்குட்டி வைத்து ஒரு மாதம் பால் கொடுத்தவள் நீ. இட்லிப் பாத்திர விவகாரத்தில் எங்கள் எல்லாரையும் மாட்டிவிட்டாயே, அதுவும் அந்தப் பூனைக்காகத்தான். உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பிக்கும் மருமகளுக்கும்தான் சொல்ல வேண்டும், அவர்கள் உன் பேச்சைக் கேட்பார்கள். உள்ளே வைக்கவே முடியாது என்று அவர்கள் உறுதியாக இருந்தால் குட்டியே வேண்டாம் கோமு. சாரலில் மூன்று மாதம் அந்தச் சுவரோரம் நனைந்துகொண்டு நிற்க ஒரு உயிரை வாங்கி வராதே. வாசலில் ஒரு விளக்கும் நல்ல பூட்டும் போதும்.

ஆடியில் இரண்டாவது வாரம் வருகிறேன். மயிலையைச் சின்னவளிடம் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. அதுவரை குட்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல். சம்மதித்தார்களானால் நாம் இரண்டு பேருமே ராஜபாளையம் போய்ப் பார்த்து வாங்குவோம்.

அன்புடன்,
வள்ளி

பி.கு: 2005ல் நாய்த் தபால்தலை வந்தபோது உன் போஸ்ட் ஆபீஸிலிருந்து எனக்கு ஒன்று அனுப்பினாயே, ராஜபாளையம் போட்டது, அது இன்னும் என் டைரியில் இருக்கிறது. பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமல் போவதும் உண்டு. தம்பி முந்திக்கொண்டு பார்க்கப் போனால், குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது தலைக்குப் பின்னால் கைதட்டிப் பார்க்கச் சொல். காற்று படாத தூரத்தில் நின்று தட்ட வேண்டும்.