பின்னால் உட்காருகிறவள் என் அக்கா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி மாமா, சரி மாமா" என்பாய். வைத்த கையோடு மறந்தும் விடுவாய். எழுத்தில் இருந்தால் இன்னொரு தடவை படிக்க வேண்டியிருக்கும். புது வண்டி எடுத்துவிட்டு, வீட்டில் ஒருவரும் பின்னால் ஏற மறுக்கிறார்களே என்று உன்னைப் போலவே குறைப்பட்டுக்கொள்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

உன் வருத்தம் புரியாமல் இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து முன்பணம் கட்டி எடுத்த வண்டி. முதலில் அம்மாவை அழகர்கோவிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாய். அவளோ "நீ முன்னால் போ, நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து அம்மாவுக்குப் பஸ்தான் பெரிதாகிவிட்டது என்று என்னிடம் கிண்டல் செய்தாய். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவளுக்குக் கட்டணம் இல்லைதான். அக்கா காசைப் பார்க்கிறவள் என்பதும் உண்மைதான். ஆனால் இந்த விஷயத்தில் காரணம் காசு இல்லை. உன் பின்னால் உட்காரப் பயமாக இருக்கிறது. பிள்ளை ஆசையாக வாங்கிய வண்டி, மனம் நொந்துவிடுவானே என்று உன்னிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள்.

உடனே அம்மாவுக்கு வண்டி என்றாலே பயம் என்று முடிவு கட்டிவிடாதே. உன் அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். ஓசூரிலிருந்து 1980-இல் வந்த அந்த வண்டிதான் இந்தியாவில் இரண்டு பேர் உட்காரும்படி செய்த முதல் மொபெட். அத்தான் ஓட்ட, அக்கா மடியில் நீ, அவள் காலடியில் ரேஷன் அரிசி என்று அதில் அவள் போகாத தெரு இல்லை. இன்றைக்கு அப்படிப் போகச் சொல்ல மாட்டேன், அது வேறு கதை. ஆனால் அவள் பயந்து நான் பார்த்ததில்லை. இருக்கை தாழ்வு, வேகம் குறைவு, அத்தான் பள்ளத்தைக் கண்டால் பத்தடி முன்னாலேயே "பள்ளம் வருது" என்று குரல் கொடுப்பார். அவளுக்கு வண்டிப் பயம் கிடையாது. உன் வண்டியையும் உன் ஓட்டுதலையும் பார்த்து அவள் சொல்லியிருக்கிற தீர்ப்பு அது. தீர்ப்பு சரி என்பதுதான் என் கட்சி.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பீரமான வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேலை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்துக்கு இடப்பக்கம் இருந்த கம்பித் தடுப்பு, அந்தச் சாரி கார்டு எங்கே? கேட்டால் அழகு கெடுகிறது, கழற்றிவிட்டேன் என்பாய். எல்லாப் பையன்களும் கடையை விட்டு வெளியே வந்த வாரமே செய்கிற காரியம் அது. அந்தக் கம்பிகளோடு சேர்ந்தே ஒரு சின்ன மிதிப்பலகை இருந்ததே, கவனித்தாயா? ஒருபக்கமாக உட்காரும் பெண் இரண்டு பாதங்களையும் வைப்பதற்குத்தான் அது. இப்போது அக்கா ஏறினால் ஒரு கால் பின் ஃபுட்ரெஸ்டில் தொற்றிக்கொள்ளும்; இன்னொன்று அந்தரத்தில் தொங்கும். சேலைத் தலைப்பும் கொசுவமும் சக்கரத்தின் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே இழுத்தால் துணி மட்டும் போகாது, ஆளும் சேர்ந்து விழுவாள். துப்பட்டா என்றால் கழுத்தையே இறுக்கிவிடும்.

அது அலங்காரத்துக்கு வைத்ததும் இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. நம் ஊர்ச் சாலையில் இந்த விதியைப் படிக்காமலே காப்பாற்றுகிறவர்கள் முகம் தெரியாத மனிதர்கள்தான். பக்கத்தில் வண்டியை ஒட்டிவந்து "அக்கா, சேலை! சேலை!" என்று கத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். சைடு ஸ்டாண்டை எடுக்கவில்லை என்றாலும் அப்படியே. அவர்களை நம்பி நீ என் அக்காவை ஏற்ற வேண்டாம். கழற்றியதை முதலில் மாட்டு.

இருபக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் பாதுகாப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முழங்கால்களால் பிடிமானம் கிடைக்கும், எடை நடுவில் நிற்கும், வண்டி சாயும்போது ஆளும் சேர்ந்து சாய முடியும். அக்காவிடம் ஒரு தடவை கேட்டுப் பார். சுடிதார் போட்டுக்கொள்ளச் சம்மதித்தால் நல்லது. கோவிலுக்குச் சேலைதான் கட்டுவேன் என்றால் விவாதம் செய்யாதே. ஐம்பத்தெட்டு வயதில் அவள் தன் உடையை உன் வண்டிக்காக மாற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓட்டுதலை நீ மாற்றிக்கொள்.

ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன தெரிகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? அவள் முகம் இடப்பக்கம் பார்த்து இருக்கிறது. கடைகள் தெரியும், சாக்கடை தெரியும், உரசிக்கொண்டு வரும் ஷேர் ஆட்டோவின் கண்ணாடி தெரியும். சாலை தெரியாது. வேகத்தடை இருக்கிறது என்பது அவள் இடுப்பு எழும்பி விழும்போதுதான் அவளுக்குச் சேதி. நீ முன்கூட்டியே பார்த்து, முட்டியை இறுக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தயாராகிவிடுகிறாய். அவளுக்கு இறுக்கப் பிடிக்க எதுவும் இல்லை. வலது கை உன் தோளில், இடது கை மடியில் இருக்கும் பையில். நீ பிரேக்கை அழுத்தினால் உன் முதுகாவது தாங்கும். திடீரென்று ஆக்சிலேட்டரை முறுக்கினால் அவள் பின்னோக்கிச் சறுக்குவாள். பின்னால் இருப்பது உன் வண்டியின் கூர்மையான வால்தான். அந்தப் பின் இருக்கையும் உள்ளங்கை அகலம். போதாததற்கு முன்பக்கம் சரிந்திருக்கிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். உன் நண்பனிடம் சாவியைக் கொடு. நீ பின்னால், ஒருபக்கமாக உட்கார். மடியில் ஒரு கூடையை வைத்துக்கொள். புதூரிலிருந்து கடச்சனேந்தல் வரை அவன் நீ ஓட்டுகிற மாதிரியே ஓட்டட்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எந்த இடத்தில் உன் கை தானாகப் போய் அவன் சட்டையைப் பிடிக்கிறது என்று மட்டும் மனதில் குறித்துக்கொள். அந்த இடங்களில் எல்லாம் அக்கா வாய்க்குள் "அழகரே" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பின்னால் ஆள் ஏறினால் அது வேறு வண்டி. உன்னோடு வந்த கையேட்டிலும், செயின் பக்கம் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரிலும் பின் டயருக்குக் காற்று இரண்டு அளவாகப் போட்டிருப்பார்கள். தனியாகப் போனால் 28, இருவர் போனால் 32 என்பது பல வண்டிகளில் உள்ள கணக்கு. உன் ஸ்டிக்கரில் என்ன இருக்கிறதோ அதைப் பின்பற்று. பெட்ரோல் பங்கில் கேட்காமலே எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்கள், நீதான் வாய் திறந்து சொல்ல வேண்டும். காற்றுக் குறைந்த பின் டயரில் இரண்டு பேர் போனால் வளைவில் வண்டி நெளியும். பின் ஷாக் அப்சார்பரை எடைக்குத் தகுந்தபடி இறுக்கும் வசதி உன் வண்டியிலும் உண்டு. மெக்கானிக்கிடம் ஒரு படி ஏற்றச் சொல். இல்லாவிட்டால் பின்பக்கம் தழைந்து, முகப்பு விளக்கு எதிரில் வருகிறவன் கண்ணில் அடிக்கும். அவன் கண் கூசித் தடுமாறினால் ஆபத்து உங்கள் இருவருக்கும்தான்.

ஏறுகிற இடமே பாதி வெற்றி. உன் வீட்டு வாசற்படியை ஒட்டி, படி இடப்பக்கம் வருமாறு நிறுத்து. அக்கா படியில் நின்று ஏறினால் அந்த உயரமான இருக்கை உயரமாகத் தெரியாது. உன் இரண்டு கால்களும் தரையில், வண்டி நியூட்ரலில், முன் பிரேக் அழுத்தியபடி இருக்கட்டும். அவள் ஏறும்போது உன் தோளை அழுத்தித்தான் ஏறுவாள்; அந்த நொடியில் வண்டி அசைந்தால் அன்றைக்கு முழுவதும் அவளுக்கு நம்பிக்கை வராது. உட்கார்ந்து, சேலையை ஒதுக்கி, தலைப்பை இடுப்பில் செருகி, "ம், போகலாம்" என்று அவள் சொல்லும்வரை கியர் போடாதே. சைலன்சர் வலப்பக்கம் இருப்பதால் ஒருபக்கமாக உட்காருகிறவளுக்குச் சூடு பட வாய்ப்புக் குறைவு. சுடிதாரில் கால் போட்டு ஏறினால் கெண்டைக்கால் பத்திரம் என்று சொல்லிவை. இறக்கும்போதும் இடப்பக்கம் சமதரை இருக்கிறதா என்று பார்த்து நிறுத்து. சாக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு "இறங்கும்மா" என்றால் எங்கே இறங்குவாள்?

அழகர்கோவில் சாலை உனக்குப் பழக்கம். மூன்றுமாவடி தாண்டும்வரை நெரிசல், அப்பன்திருப்பதிக்குப் பிறகு சாலை திறந்துகொள்ளும், கையும் துறுதுறுக்கும். 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடிவிடுவாய். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு பஸ்ஸின் நீளம் போய்விடும். பின்னால் ஆள் இருந்தால் அதற்கு மேலும் தூரம் வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, சிறிது சிறிதாக அழுத்து. தனியாகப் போகும்போது லேசாக இருக்கும் பின்சக்கரம் இப்போது நன்றாகக் கடிக்கும். சந்துபொந்தில் நுழையும்போது அக்காவின் முழங்கால்கள் உன் ஹேண்டில்பாரையும் தாண்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை மறக்காதே. நீ நுழைந்துவிடுவாய், அவள் கால் நுழையாது. கியர் மாற்றும்போது அவள் தோள் உன் முதுகில் வந்து இடித்தால் கிளட்சை விடுவதில் அவசரம் என்று அர்த்தம். மேடு, பள்ளம், வேகத்தடை எதுவானாலும் உன் அப்பாவைப் போல வாயால் சொல். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாலும் கேட்கும்.

ஹெல்மெட் என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம் என்று கறாராகச் சொன்னார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு போடாவிட்டால் ஆயிரம் ரூபாய். நீ போட்டுக் கழித்த பழைய ஹெல்மெட்டை அம்மா தலையில் கவிழ்க்காதே. அவள் தலைக்குச் சரியான அளவில், ஐஎஸ்ஐ முத்திரையோடு புதிதாக வாங்கு. முகத்தை முழுக்க மூடினால் மூச்சு முட்டுகிறது என்பாள். கடையிலேயே இரண்டு மூன்றைப் போட்டுப் பார்க்க விடு, பொறுமையாக நில். கொண்டை போட்டால் ஹெல்மெட் பின்னந்தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். தாழ்வாகப் பின்னிக்கொள்ளச் சொல். அடுத்தது மல்லிகைப்பூ. மதுரைக்காரியிடம் பூ வைக்காமல் கோவிலுக்கு வா என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வாழை இலையில் பொதிந்து பையில் எடுத்துக்கொள்ளட்டும், கோவில் வாசலில் வைத்துக்கொள்ளலாம். நசுங்காத பூதான் அவளுக்கும் பிடிக்கும்.

பேத்தியையும் நடுவில் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவேளை கேட்பாள். மறுத்துவிடு. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையான குழந்தையை ஏற்றினால் உடலோடு பிணைக்கும் பட்டை வேண்டும், குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும், 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2022-இல் விதியே வந்திருக்கிறது. மூன்று பேராகப் போவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

கடைசியாக யாரும் உனக்குச் சொல்லாத ஒரு சமாசாரம். புது வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று 2018-லிருந்து சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஐந்து ஆண்டுக்குக் கவலை இல்லை என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். வெறும் மூன்றாம் நபர் பாலிசி உன் பின்னால் உட்கார்ந்திருப்பவரைச் சேர்த்துக்கொள்ளாது. மூன்றாம் நபர் என்றால் எதிரில் வருகிறவர், தெருவில் நடக்கிறவர். உன் தாய் அந்தக் கணக்கில் வரமாட்டாள். உச்ச நீதிமன்றமே 2006-லும் 2008-லும் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முழுக் காப்பீடாக எடுத்தால் அவளுக்கும் சேரும். உன் வண்டிக்கு முதல் ஆண்டு அது இருக்கும். அது முடிந்ததும் புதுப்பிக்காமல் விடுவதுதான் ஊர் வழக்கம். நீ விடாதே. பின்னால் உட்காருகிறவருக்கென்று தனிநபர் விபத்துக் காப்பும் சேர்க்கலாம்; ஏஜெண்ட் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்கு.

இவ்வளவும் செய்துவிட்டு அக்காவைக் கூப்பிடு. நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அவளே பார்த்து முடிவு செய்யட்டும். வந்தாள் என்றால், திரும்பும்போது பிரசாதத் தோசை வாங்குவீர்கள். பொட்டலத்தை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதே, வண்டி ஒருபக்கம் இழுக்கும். அவள் மடியிலும் கொடுக்காதே, அந்தக் கை பின்கம்பியைப் பிடிக்க வேண்டும். உன் முதுகுப் பையில் போட்டு, பையை நெஞ்சுப் பக்கமாக மாட்டிக்கொள். எனக்கும் இரண்டு வாங்கு.

அன்புடன்,
மாமா