அரண்மனைக்காரன் தெருக் கையேட்டுக்கு நாற்பது பேர் தேவை

அன்புடையீர்,

பாரிமுனைப் பக்கம் அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனையைத் தேடினால் கிடைக்காது. ஆர்மீனியர் தெருவைத்தான் நம் ஆட்கள் வாய்க்கு வசதியாக அப்படி ஆக்கிவிட்டார்கள். அங்கே இருக்கும் மரியன்னை தேவாலயம் 1772இல் கட்டியது. அதற்கு முந்தையது 1712இல், இன்றைய உயர் நீதிமன்றப் பக்கம் இருந்தது. இன்று அதன் சுவடே இல்லை. இந்தத் தெருவையும் தேவாலயத்தையும் பற்றித் தமிழில் ஒரு சின்னக் கையேடு போடப்போகிறோம்.

கதை 1688இல் தொடங்குகிறது. தன் வசமுள்ள ஓர் ஊரில் 40 ஆர்மீனியர் குடியேறினால் கோயிலுக்கு இடம் தருவதாகவும், தன் செலவில் மரத்தாலேயே கட்டித் தருவதாகவும், பாதிரியாருக்கு ஏழு வருடம், வருடத்துக்கு 50 பவுண்டு கொடுப்பதாகவும் கிழக்கிந்தியக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. கல்லில் மாற்றிக் கட்டிக்கொள்வது அவர்கள் பாடு. வியாபாரிகளை இழுக்கக் கம்பெனி போட்ட தூண்டில்தான், வேறென்ன!

அந்தப் பழைய தேவாலயத்தை இடித்ததற்கு மதச் சண்டை காரணமில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். 1758இல் மறுபடி முற்றுகை. கோட்டைக்கு எதிரே கட்டடம் இருந்தால் எதிரிக்கு மறைவு என்று, கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் பட்டணமே தரைமட்டமாக்கப்பட்டது. அந்த வெட்டவெளிக்கு 1773இல் நட்ட எல்லைத் தூண்கள் பதின்மூன்றில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது.

இப்போதைய மணிக்கூண்டில் ஆறு மணிகள். அவற்றில் ஒன்று 1754ஆம் வருடத்து மணி, 1808இல் மறுபடி வார்த்தது. அதில் ஆர்மீனிய எழுத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது. உரியவர்களிடம் அனுமதி வாங்கி, அந்த எழுத்தைப் படமெடுத்துக் கையேட்டின் அட்டையில் போட ஆசை. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794இல் சென்னையில் நடத்திய ஷ்மாவோனியனின் கல்லறையும் தேவாலய முற்றத்தில்தான். அவருக்கும் இரண்டு பக்கம் உண்டு.

படம், வரைபடம், 1,000 பிரதி அச்சு எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய் ஆகும். கம்பெனி கேட்ட அதே நாற்பது பேர் ஆளுக்கு 2,000 கொடுத்தால் வேலை முடிந்தது. முடியாதவர்கள் நூறு கொடுத்தாலும் சரி. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. கணக்கைக் கடைசிப் பக்கத்திலேயே அச்சிடுவோம். பிரதிகள் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இலவசம். பொங்கலுக்குள் பணம் சேர்ந்தால் சித்திரையில் புத்தகம் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
கையேட்டுக் குழுவினர்